வெந்நீர் அலமாரியில் ஒரு வாளி ஸ்டவுட்

இந்தத் தடவை பெயிண்ட் பிரஷ்ஷைக் கையால் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். எங்கே வைத்துச் செய்தேன் தெரியுமா? கோயிலில். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில். கடவுளுக்கு நேர் எதிரே, நாலாவது பெஞ்சில் உட்கார்ந்து. அவ்வளவு உறுதி.

காரணம் எங்கள் பங்குச் சாமியார் ஃபாதர் கில்மார்ட்டின். பிரசங்கம் முடிந்து அறிவிப்புகளை வாசித்துக்கொண்டே வந்தவர், தொலைந்துபோன ஒரு கன்றுக்குட்டிக்கும் சீட்டாட்டப் போட்டிக்கும் நடுவில், "அக்டோபர் மாத வீட்டுப் பூசை இந்த வருஷம் மாலக்கி டியூப்ரிடி வீட்டில்" என்று சொல்லிவிட்டார். மாலக்கி டியூப்ரிடி அடியேன்தான். தொழில் தபால் கொடுப்பது. கிளேர் மாவட்டத்தில் எங்கள் பக்கத்து நாய்கள் எல்லாவற்றுக்கும் என்னைத் தெரியும்.

பக்கத்தில் என் மனைவி டிம்ப்னா நிமிர்ந்தாள். கண்ணை உயர்த்திக் கூரையைப் பார்த்தாள். பக்தி என்று நினைப்பீர்கள். அவள் மனசுக்குள் பார்த்தது எங்கள் வீட்டுக் கூரையை. அதில் எந்த மூலையில் எத்தனை கறை என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டாள். பத்து விரலும் போதவில்லை.

எங்கள் ஊரில் எட்டே வீடுகள். வருஷத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்து ஃபாதர் வீட்டுக்கே வந்து பூசை வைப்பார். மற்ற ஏழு வீட்டாரும் வந்து நிற்பார்கள். நல்ல வழக்கம்தான், யார் இல்லை என்றது? ஆனால் பூசைக்கு முன்னால் வீட்டை உள்ளும் புறமும் பெயிண்ட் அடிக்க வேண்டும். இது எந்த வேதத்திலும் எழுதவில்லை. பெண்டாட்டிகளுக்கு மட்டும் எப்படியோ தெரிந்திருக்கிறது. கடவுள் எங்கும் நிறைந்தவர், எங்கள் வீட்டு அழுக்கை அவர் தினமும் பார்க்கிறவர், அவரால் ஆபத்தில்லை. ஆபத்து பக்கத்து வீட்டு பிலோமினா கான்சிடீன். அவள் எட்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் எங்கள் வீட்டு மாடி ஏறுவாள். "பாத்ரூம் எங்கேம்மா?" என்று கேட்டுக்கொண்டு போவாள். பாத்ரூமைத் தவிர எல்லா அறையையும் பார்த்துவிட்டு வருவாள்.

போன தடவை எங்கள் முறை வந்தபோது துணி அலமாரியின் உட்புறத்துக்குக்கூடப் பெயிண்ட் அடிக்கவைத்தாள் டிம்ப்னா. "அலமாரிக்குள்ள யார் பாக்கப் போறாங்க?" என்றேன். "பிலோமினா" என்றாள். பார்த்தாள்.

அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயசு. இப்போது அறுபது. இந்தத் தடவை மட்டும் தப்பித்துவிட்டால் அடுத்த முறை வரும்போது அறுபத்தெட்டு. அறுபத்தெட்டு வயசுக்காரனை ஏணியில் ஏற்ற எந்த மனைவிக்கும் மனசு வராது. டிம்ப்னாவுக்கு வந்தாலும் ஊர் விடாது. ஆக, இந்த ஒரு தடவை. இதைத் தாண்டிவிட்டால் ஆயுசுக்கும் விடுதலை.

வழியைக் காட்டினவன் மாஸி லிலிஸ். எங்கள் தெருக்கோடி விவசாயி, பெண்டாட்டி இல்லாதவன், அதனால் எதற்கும் யோசனை சொல்ல நேரம் உள்ளவன். அவன் அக்கா மகன் கனடாவுக்குப் போகும்போது வீட்டிலேயே பீர் காய்ச்சுகிற சாமான்களை விட்டுவிட்டுப் போயிருந்தான். மூடிபோட்ட பெரிய வாளி, குழாய், ஒரு மூட்டை முளைகட்டிய பார்லி, வறுத்த பார்லி, ஒரு புத்தகம். மாஸி அந்த வாளியில் கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

எனக்குப் பொறி தட்டியது. அன்று மத்தியானமே டிம்ப்னாவிடம் போனேன்.

"டிம்ப்னா, வீட்டுப் பூசைக்கு வர்றவங்களுக்கு நானே ஸ்டவுட் பீர் காய்ச்சப் போறேன்."

"யாரு?"

"நான்தான்."

"போன வாரம் ரெண்டு முட்டை வேக வைக்கச் சொன்னேன். பாத்திரம் உருகிப் போச்சு."

"அது பாத்திரத்தோட தப்பு. இது வேற. இனிப்பே இல்லாம, கறுப்பா, நல்லாக் கசக்கிற அசல் ஸ்டவுட்டு. பிலோமினா முறை வந்தப்போ அவ வீட்டுல என்ன குடுத்தா? விரல் நனையிற அளவு ஷெர்ரி ஒயின். ஃபாதர் அதைக் குடிச்சாரா, மோந்து பாத்தாரான்னே தெரியல. நம்ம வீட்டுல கிளாஸ் நிறையக் குடுத்தா எப்படி இருக்கும்? பிலோமினா முகத்தை யோசிச்சுப் பாரு."

டிம்ப்னா யோசித்துப் பார்த்தாள். பிடித்திருந்தது என்று தெரிந்தது.

"சரி, காய்ச்சு. பெயிண்ட்டு எப்ப ஆரம்பிக்கிறே?"

"அங்கதான் விஷயமே இருக்கு. பீர் நொதிக்கிற வீட்டுல பெயிண்ட் அடிக்கக் கூடாது. அந்த வாசனை பீர்ல ஏறிடும். புஸ்தகத்துல போட்டிருக்கு."

"எந்தப் பக்கத்துல?"

"நடுவுல."

டிம்ப்னாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் பன்னிரண்டு வயசில் திரு இருதய ஆண்டவர்மேல் சத்தியம் செய்து மதுவிலக்குச் சபையில் சேர்ந்தவள். சட்டையில் சின்ன இருதயப் பின் எப்போதும் இருக்கும். நாற்பத்தாறு வருஷமாக ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை. எங்கள் கல்யாணத்தில் எல்லோரும் எங்களை வாழ்த்திக் குடிக்க, அவள் பால் குடித்தாள். ஆனால் மூக்கு இருக்கிறதே மூக்கு, அது வேறு ரகம். கிறிஸ்துமஸ் கேக்கைத் தூரத்தில் வைத்தே, "ரெண்டு ஸ்பூன் பிராந்தி ஊத்தியிருக்கா" என்று சொல்லிவிடுவாள். நான் மாஸியோடு ஒரு கிளாஸ் குடித்தேனா இரண்டா என்பதை வாசல் கதவு திறக்கும் முன்பே சொல்லிவிடுவாள்.

"சரி மாலக்கி, ஒரு பந்தயம்" என்றாள். "சுவரையெல்லாம் நான் கழுவிக்கிறேன். நீ ஸ்டவுட் காய்ச்சு. பூசை அன்னிக்கு ஃபாதர் ரெண்டாவது கிளாஸ் கேக்கணும். கேட்டாருன்னா, அடுத்த முறை நம்மகிட்ட வர்ற வரைக்கும் பெயிண்ட்டுன்னு ஒரு வார்த்தை என் வாயில வராது."

"கேக்கலைன்னா?"

"மறுநாளே ஏணி. உள்ளயும் அடிக்கணும், வெளியயும் அடிக்கணும். கோழிக்கூண்டும் சேத்து."

எட்டு வருஷம்! நான் உள்ளங்கையில் எச்சில் துப்பினேன். அவளும் துப்பினாள். சந்தையில் மாடு விற்கிறவர்கள் மாதிரி கையைத் தட்டிக் குலுக்கினோம். இங்கே அதற்கு மேல் ஒப்பந்தம் கிடையாது. அப்போது டிம்ப்னா சிரித்தாள். முப்பத்துநாலு வருஷக் குடித்தனத்தில் அந்தச் சிரிப்பை நான் ஏழெட்டுத் தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பட்டிருக்கிறேன். இருந்தும் புத்தி வந்ததா?

அடுத்த சனிக்கிழமை டிம்ப்னா நாக் ஊர் மாதா கோயிலுக்குப் பஸ்ஸில் யாத்திரை போனாள். நான் அடுப்பை மூட்டினேன். மாஸி வேடிக்கை பார்க்க வந்தான்.

புத்தகம் மிகவும் கறாரான புத்தகம். எல்லாப் பாத்திரத்தையும் வெந்நீரும் மருந்தும் போட்டு மூன்று தடவை கழுவு என்றது. நான் குழாயில் ஒரு தடவை காட்டினேன். கன்றுக்குட்டி குடித்த வாளிதானே, கன்றுக்குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே! தண்ணீர் அறுபத்தாறு டிகிரி இருக்க வேண்டும் என்றது. நான் முழங்கையை விட்டுப் பார்த்தேன். குழந்தைகளைக் குளிப்பாட்டும்போது அப்படித்தானே பார்ப்போம். கத்தினேன். ஆகவே சூடு போதும். சுத்தமான நீளக் கரண்டியால் கிண்டு என்றது. அவ்வளவு நீளக் கரண்டிக்கு நான் எங்கே போவேன்? கொட்டகையில் ஒரு குச்சி கிடந்தது. போன தடவை பெயிண்ட் கலக்கின குச்சி. நுனியில் சந்தன நிறம் இன்னும் இருந்தது. அந்தப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தால் கிண்டினேன். நடுவில் ஒரு தடவை பக்கம் மாறிவிட்டது என்று நினைக்கிறேன்.

மாஸி எட்டிப் பார்த்தான்.

"மாலக்கி, இது ரோட்டுக்குப் போடறதா?"

"ஸ்டவுட்டுடா. வறுத்த பார்லி போட்டா அப்படித்தான் கறுக்கும்."

"மேல மிதக்குதே, அது?"

"ஹாப்ஸ் பூ. கசப்புக்கு."

"பூவுக்குக் கால் இருக்கு."

"எடுத்துப் போட்டுட்டுப் பேசாம இரு."

கொதித்து இறக்கியதும் சீக்கிரம் ஆறவை, உடனே மூடு என்றது புத்தகம். நான் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு மாஸி வீட்டுக்கு, டிவியில் ஹர்லிங் மட்டைப்பந்து ஆட்டம் பார்க்கப் போனேன். மாவட்ட இறுதி ஆட்டம். இரண்டு பேர் மண்டை உடைந்தது, நல்ல ஆட்டம். திரும்பி வந்தபோது வாளி ஆறியிருந்தது. பக்கத்தில் எங்கள் பூனை மீசையை நக்கிக்கொண்டிருந்தது. ஈஸ்ட்டைத் தூவி மூடினேன்.

கடைசியாகப் புத்தகம், இருபது டிகிரிக்கு மேல் சூடு ஆகாது என்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. ரொட்டி மாவு கதகதப்பில்தானே பொங்குகிறது? எங்கள் மாடியில் வெந்நீர்த் தொட்டியைச் சுற்றி ஒரு அலமாரி. துணி காய்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. போர்வைகளுக்கும் பூசைக்கு எடுத்து வைத்த வெள்ளை மேஜை விரிப்புகளுக்கும் நடுவில், தொட்டியின் தலைமேலேயே வாளியை ஏற்றி வைத்துக் கதவைச் சாத்தினேன்.

ஐந்தாம் நாள் நான் தபால் கொடுத்துவிட்டு வரும்போது டிம்ப்னா மாடிப்படியில் நின்று மூக்கை உயர்த்திக்கொண்டிருந்தாள்.

"மாலக்கி, வினிகர் வாசனை வருது."

"அது வினிகர் இல்ல. ஸ்டவுட்டு பழுக்கிற வாசனை."

"வினிகர்."

"உனக்கு என்ன தெரியும்? ஒரு சொட்டாவது குடிச்சிருக்கியா?"

"குடிச்சதில்ல. வெங்காய ஊறுகாய் முப்பது வருஷமாப் போடறேன்."

"ஊறுகாயும் ஸ்டவுட்டும் ஒண்ணா? இது கலை, டிம்ப்னா. பொறுமை வேணும்."

"சரி. அந்தப் புஸ்தகத்தைக் கொஞ்சம் குடு."

"எதுக்கு?"

"பெயிண்ட்டைப் பத்தி நடுவுல ஒரு பக்கம் இருக்குன்னியே. படிக்கணும்."

வேறு வழியில்லை. கொடுத்தேன். அப்படி ஒரு பக்கமே இல்லை என்று அவள் என்னைப் பிடித்துக் கேட்பாள் என்று இரண்டு நாள் பயந்துகொண்டே இருந்தேன். கேட்கவேயில்லை. ஞாபகமறதி, வயசாகிறது பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த நாளோ என்னவோ, மாடி அலமாரியைத் திறந்தால் வாளி இல்லை! "இயேசு மரி சூசையே!" என்று அலறினேன்.

"கத்தாதே" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "பூசைக்கு விரிப்பெல்லாம் அலமாரியில காயணும். வாளியை மாடிப்படிக்குக் கீழ வச்சிருக்கேன்."

"அங்க குளிருமே! என் ஸ்டவுட்டைக் கொன்னுட்டியே!"

"செத்திருந்தா மூணாம் நாள் உயிர்த்தெழும். போய்ச் சாப்பிடு."

இப்படிப்பட்டவளோடு என்னத்தைப் பேசுவது? அந்த வாரம் கொல்லையில் ருபார்ப் செடிகள் ஒரே வரிசையாகப் பட்டுப்போயின. கவனிக்க எனக்கு ஏது நேரம்? காலையில் போகிற வழியெல்லாம் வாசலுக்கு வாசல் நின்று ஸ்டவுட் காய்ச்சுவது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தேன். "எல்லாம் கையில இருக்கு" என்பேன். "சூடு தெரியணும். மூக்கு வேணும். புஸ்தகத்தைப் பாத்துச் செய்றவன் சமையல்காரன். பாக்காமச் செய்றவன் கலைஞன்." ஜனங்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். கடிதம் கொடுத்தால் போதும் என்று நினைத்திருக்கலாம். அதை நான் யோசிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் புட்டியில் அடைக்கிற நாள். டிம்ப்னா நாற்பது புட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். வெந்நீரில் போட்டுத் தேய்த்ததில் கண்ணாடி கண்ணைக் கூசியது. "எதுக்கு இவ்வளவு? குழாயில ஒரு தடவை காட்டினாப் போதுமே" என்றேன். "பூசைக்கு வர்ற சாமான்" என்றாள்.

பயந்துகொண்டேதான் மூடியைத் திறந்தேன். திறந்தால், காபிக்கொட்டை வறுத்த மாதிரி ஒரு வாசனை! கறுப்பு. சுத்தமான கறுப்பு. விளக்குக்கு முன்னால் பிடித்தால் ஓரத்தில் லேசாகச் சிவப்பு. ஒரு வாய் குடித்தேன். முதலில் கசந்தது. அப்புறம் வறுவல் ருசி. கடைசியில் நாக்கில் ஒன்றுமே நிற்காமல், இன்னொரு வாய் குடி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனது.

நான் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். பொய் சொல்வானேன், கண் கலங்கிவிட்டது. அறுபது வருஷம் எனக்குள் இப்படி ஒரு திறமை இருந்திருக்கிறது, எனக்கே தெரியாமல்! நான் தபால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன்!

"எப்படி இருக்கு?" என்று டிம்ப்னா சமையலறையிலிருந்து கேட்டாள்.

"உனக்குச் சொன்னாப் புரியாது" என்றேன்.

பூசை நாள் வந்தது. சனிக்கிழமை காலை பதினோரு மணி. டிம்ப்னா சுவர்களைக் கழுவின கழுவலில் பெயிண்ட் அடித்த மாதிரியே இருந்தது. சமையலறை மேஜையில் வெள்ளை விரிப்பு. இரண்டு மெழுகுவர்த்தி. ஏழு வீட்டாரும் வந்து நெருக்கியடித்து நின்றார்கள். ஃபாதர் பூசையை முடித்து, வீட்டையும் எங்களையும் ஆசீர்வதித்து, அங்கியைக் கழற்றி மடித்து வைத்தார். டிம்ப்னா பன்றித்தொடை சாண்ட்விச்சும் ஆப்பிள் பணியாரமும் கொண்டுவந்து வைத்தாள். நான் புட்டிகளைக் கொண்டுவந்தேன்.

முதல் கிளாஸ் ஃபாதருக்கு. சாய்த்து மெதுவாக ஊற்றினேன். கறுப்பு கீழே இறங்க, வெள்ளை நுரை ஆடை கட்டின பால் மாதிரி மேலே ஏறி நின்றது. ஒருவரும் பேசவில்லை. பூசை நடுவில்கூட அவ்வளவு அமைதி இல்லை, மாஸி இருமிக்கொண்டிருந்தான்.

ஃபாதர் குடித்தார். மேல் உதட்டில் நுரையோடு என்னைப் பார்த்தார்.

"மாலக்கி, இதை நீயா செஞ்சே?"

"நான்தான் ஃபாதர்."

இன்னொரு வாய் குடித்தார். "நீயேதானா?"

"நானேதான் ஃபாதர்."

கிளாஸைக் காலி செய்தார். "வேற யாரும் ஒத்தாசை பண்ணலையே?"

"என் ரெண்டு கையைத் தவிர யாரும் இல்ல ஃபாதர்."

ஃபாதர் பெருமூச்சு விட்டார். கிளாஸை நீட்டினார். "அப்போ இன்னொண்ணு ஊத்து."

வென்றேன்! எட்டு வருஷம்! ஆயுசுக்கும் விடுதலை! டிம்ப்னா பக்கம் திரும்பி உள்ளங்கையைக் காட்டினேன். அவள் தலையாட்டி ஒப்புக்கொண்டாள். அதற்கு மேல் எனக்கு நிலம் தெரியவில்லை. எல்லோருக்கும் ஊற்றினேன். எனக்கும் ஊற்றினேன். பிலோமினா கான்சிடீன் ஒரு கிளாஸ் குடித்தாள், அப்புறம் இன்னொன்று குடித்தாள், புட்டி இருந்த மேஜையை விட்டு நகரவேயில்லை. மாடிக்கு ஏறவேயில்லை! எங்கள் ஊரில் இப்படி ஒன்று நடந்ததாகச் சரித்திரமே கிடையாது.

"பிலோமினா, பாத்ரூம் மாடியில இருக்கு" என்று நானே சொல்லிப் பார்த்தேன்.

"இருக்கட்டும் மாலக்கி, எங்க போயிடப் போகுது. இன்னும் கொஞ்சம் ஊத்து."

கிளம்பும் முன் ஃபாதர் சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். அடுத்த வருஷம் யார் வீடு என்று அங்கேயே முடிவு செய்வது வழக்கம்.

"அடுத்த முறை பிலோமினா வீடு, இல்லையா?" என்றார்.

பிலோமினா முகம் சுருங்கியது. "வர்றதுன்னா வாங்க ஃபாதர். ஆனா இதைக் குடிச்சுட்டு என் ஷெர்ரியை யார் தொடப் போறாங்க?" என்றாள். உண்மையிலேயே வருத்தமாகச் சொன்னாள். பாவமாக இருந்தது. எனக்கு அது நாலாவது கிளாஸ். நாலாவது கிளாஸில் எனக்கு ஊர்மேல் ஒரு பாசம் வரும்.

நாற்காலிமேல் ஏறினேன்.

"எதுக்கு பிலோமினா வீடு?" என்றேன். "இந்த வீட்டுக் கதவு என்ன சாத்தியா இருக்கு? அடுத்த வருஷமும் இங்கயே வாங்க! அதுக்கு அடுத்த வருஷமும் வாங்க! மாலக்கி டியூப்ரிடி கையில ஸ்டவுட்டு இருக்கிற வரைக்கும் இந்த ஊர்ல ஒருத்தனும் தாகத்தோட கடவுளைப் பாக்க வேண்டாம்!"

ஒரே கைதட்டல். மாஸி தொப்பியைத் தூக்கி எறிந்தான். பிலோமினா என் காலைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஃபாதர் எழுதினார். பென்சிலால் இல்லை, பேனாவால். எழுதி, அடிக்கோடும் போட்டார். காரை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டு நடந்து போனார்.

எல்லோரும் போனபோது இரண்டு மணி இருக்கும். வெயில் சமையலறைக்குள் விழுந்துகொண்டிருந்தது. டிம்ப்னா கிளாஸ்களைக் கழுவினாள். நான் நாற்காலியில் சாய்ந்து ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"ஒத்துக்கோ டிம்ப்னா. கையில எச்சில் துப்பிச் சத்தியம் பண்ணினோம். அடுத்த முறை வர்ற வரைக்கும் பெயிண்ட் கிடையாது. எட்டு வருஷம்."

"ஒத்துக்கிட்டேனே. ஆனா எட்டு வருஷம் எங்கேயிருந்து வந்துச்சு? அடுத்த முறைதான் இப்பவே நம்மகிட்ட வந்தாச்சே, அடுத்த வருஷத்துக்கு ஃபாதர் பேனாவால எழுதிட்டாரே?"

கையிலிருந்த சாண்ட்விச் கீழே விழுந்தது. நாற்காலிமேல் நின்றது நான்தான். பேசினதும் நான்தான். அந்த அடிக்கோடு கண்முன் வந்து நின்றது.

ஆனால் டியூப்ரிடிகள் லேசில் சாயமாட்டார்கள். "சரி" என்றேன். "அதனால என்ன? அடுத்த வருஷமும் ஸ்டவுட்டு காய்ச்சுறேன். அதே பந்தயம். பீர் நொதிக்கிற வீட்டுல பெயிண்ட்டுக்கு இடமில்ல."

"காய்ச்சு. யார் குடிப்பாங்க?"

"யாரா? இன்னிக்கு யார் குடிச்சாங்க?"

"நீ காய்ச்சினதையா? ருபார்ப் குடிச்சுது. செத்துப் போச்சு."

நான் அவளைப் பார்த்தேன். அவள் கிளாஸைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அப்போ இது?"

"நான் காய்ச்சினது. நீ தபால் குடுக்கப் போன நேரத்துல. புஸ்தகத்துல என்ன போட்டிருக்கோ அதைச் செஞ்சேன். மூணு தடவை கழுவுன்னா மூணு தடவை கழுவினேன். ஜாம் காய்ச்சற சூடுமானியை வச்சு அறுபத்தாறுன்னா அறுபத்தாறு. பெருசா ஒண்ணும் இல்ல மாலக்கி. பாதி வேலை தேய்ச்சுக் கழுவறதுதான். வீட்டுப் பூசைக்குத் தயார் பண்ணின பொம்பளை யாரும் செய்வா."

"நீயா? மதுவிலக்குச் சபைக்காரியா? நெஞ்சில பின்னைக் குத்திக்கிட்டா?"

"குடிக்க மாட்டேன்னுதான் சத்தியம். காய்ச்ச மாட்டேன்னு சொல்லல. இருந்தாலும் ஃபாதரைக் கேட்டுட்டுத்தான் செஞ்சேன். 'மூக்கு பாவம் செய்யாது மகளே'ன்னார்."

"ஃபாதருக்குத் தெரியுமா!"

அவர் மூன்று தடவை கேட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இயேசுவைத் தெரியாது என்று மூன்று தடவை பொய் சொன்ன பேதுருவுக்காவது ஒரு சேவல் கூவியது. எனக்கு ஒரு கோழிகூட முனகவில்லை.

"எதுக்கு டிம்ப்னா?" என்றேன். "என் ஸ்டவுட்டை அப்படியே குடுத்திருந்தா நீ பந்தயத்துல ஜெயிச்சிருப்பியே."

"என் வீட்டுக்கு வந்த குருவானவர் கையில வினிகரைக் குடுக்கச் சொல்றியா? சிலுவையில தொங்கினவருக்குத்தான் அப்படிக் குடுத்தாங்க." துண்டை மடித்து வைத்தாள். "அதுவும் இல்லாம, ஒரு தடவை பெயிண்ட் அடிச்சா அதோட போச்சு. மறுபடி எட்டு வருஷம். வருஷா வருஷம் பூசை வந்தா வீடு வருஷா வருஷம் பளபளன்னு இருக்கும். நல்ல ஸ்டவுட்டு இருந்தா ஊர் திரும்பி வரும். நாலாவது கிளாஸ்ல நீ நாற்காலிமேல ஏறுவே. நம்ம கல்யாணத்துலயும் ஏறினே."

"ஊர்ல உண்மையைச் சொல்லிடுவேன்!"

"தாராளமாச் சொல்லு. திங்கக்கிழமை தபால் குடுக்கப் போறப்போ வாசலுக்கு வாசல் நின்னு சொல்லு. 'எல்லாம் கையில இருக்கு'ன்னு விளக்கினியே, அதே வாசல்ல."

கீழே விழுந்த சாண்ட்விச்சைக் குனிந்து பொறுக்கினேன்.

"கவலைப்படாதே" என்று என் தோளைத் தட்டினாள். அன்பாகத்தான் தட்டினாள், அதுதான் தாங்கவில்லை. "வருஷா வருஷம் நானே காய்ச்சறேன். பேரு உனக்கு. பெயிண்ட்டும் உனக்கு."

என்னைக் கொட்டகைக்கு அழைத்துப் போனாள். உருளைக்கிழங்குச் சாக்கை விலக்கினாள். கீழே பன்னிரண்டு டின் பெயிண்ட். புதுசு. மேலே ஒரு பிரஷ், அதுவும் புதுசு.

"அடுத்த வருஷப் பூசைக்கு இப்பவே எதுக்குடி?" என்றேன்.

"நீ அடிக்கிற வேகத்துக்கு ஒரு வருஷம் வேணும்."

நான் ஒரு டின்னைத் தூக்கிப் பார்த்தேன். மூடிமேல் தூசி படிந்திருந்தது.

"இதையெல்லாம் எப்போ வாங்கினே?"

"கையில எச்சில் துப்பிக் குலுக்கினோமே மாலக்கி, அதுக்கு மறுநாள் காலையில."